வந்தியிடம் கட்டணம் கேட்டது யார்?

வண்டியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் தூக்குவாளியோடு வந்து நிற்கிற தம்பிமார்களே!

மாணிக்கவாசகர் வரலாறு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வயிறெரிந்து நிற்கிறவன் வாயிலிருந்துதான் அது இன்றைக்கு வரும்.

தெப்பக்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற வழியில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பார்த்திருப்பீர்கள். "கடன் தீரவில்லையா? நோய் விலகவில்லையா? உங்கள் நம்பிக்கையில் குறை இருக்கிறது!" கொட்டை எழுத்தில் அது. அதற்குக் கீழே சாதாப் பரிகாரம், விசேஷப் பரிகாரம், அதிவிசேஷப் பரிகாரம், மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். பணம் அனுப்ப ஒரு போன் நம்பர்.

அதோடு போயிருந்தால் நானும் பேசாமல் வந்திருப்பேன். உங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி, பெயர் வேண்டாம். புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். திங்கட்கிழமை ஒரு குழுக்கடன், புதன்கிழமை இன்னொரு குழுக்கடன். ஒன்றைக் கட்ட ஒன்றை வாங்கி, அதைக் கட்டத் தண்டல். விடியுமுன்னே வாசலில் பைக் வந்து நிற்கிறது. இவள் தாலியில் கிடந்த இரண்டு குண்டைக் கழற்றி அந்த நோட்டீஸ்காரரிடம் கொடுத்திருக்கிறாள். பூஜை நடந்தது, பைக் நிற்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "உனக்கு நம்பிக்கை பத்தாதும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்று மத்தியானம் பார்த்தேன். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடந்தது. அதையும் முந்தானையால் மூடிக்கொண்டுதான் என்னோடு பேசினாள்.

நம்பிக்கை பத்தாதா? யாருக்கு? கேட்கிறேன், யாருக்கு?

இதோ கிடக்கிற திருவாதவூரில் பிறந்தவர் மணிவாசகர். பாண்டியனுக்கு மந்திரி. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தவர். சொக்கன் நரியைப் பரியாக்கி அனுப்ப, பரி மறுபடி நரியானதும் அவரை என்ன செய்தார்கள்? வைகையின் சுடுமணலில் நிறுத்தினார்கள். அவருக்கு நம்பிக்கை பத்தவில்லையா? நோட்டீஸ் அடித்தவர் அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்திருந்தால், "வாதவூரரே, அதிவிசேஷம் செய்யாமல் விட்டுவிட்டீர், அதுதான் கால் சுடுகிறது" என்று சொல்லியிருப்பார். நம்பினவனுக்குக் கஷ்டமே வராது என்று எந்தச் சாமி எழுதிக் கொடுத்தது?

அடியவர் கால் சுட்டதும் வைகை பெருகிக் கரை உடைந்தது. கரையைப் பங்கு போட்டு, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. பிட்டு அவித்து விற்கிற கிழவி வந்தி எங்கே போவாள்? பிள்ளை இல்லை, குட்டி இல்லை. சொக்கநாதா என்று அழுதாள். வந்தான். கூலியாளாக வந்தான். உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேசிக்கொண்டு வந்தான். தின்றான், ஆடினான், கரையில் படுத்துத் தூங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலேயே விழுந்தது, எல்லா உயிர் முதுகிலும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான், உடைப்பு அடைபட்டது. பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடலில் இது 61ஆவது. இன்றைக்கும் ஆவணி மூலத்தில் திருப்பரங்குன்றத்து முருகனும் வாதவூர் மணிவாசகரும் புறப்பட்டு வருகிறார்கள், புட்டுத்தோப்பில் அந்தக் கதை நடக்கிறது.

அங்கே நின்று வேடிக்கை பார்த்த மதுரைக்காரர்களைக் கேட்கிறேன். வந்தியிடம் கட்டணம் கேட்டது யார்? சாதாவா, விசேஷமா என்று அவளைக் கேட்டது யார்? கூலிக்காரனே கடவுள்! நடுவில் தரகன் எங்கே வந்தான்?

வண்டியூர்க்காரர்களுக்கு நான் மண்டூக முனிவர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. துர்வாசர் வந்ததைக் கவனிக்காமல் இருந்துவிட்டார் சுதபஸ் முனிவர், தவளையாகப் போ என்று சாபம். தவளை பரிகாரத்துக்கு எவ்வளவு கொடுத்தது? வைகைக் கரையிலேயே கிடந்தது, காத்திருந்தது. அழகர் மலையை விட்டு இறங்கி, உங்கள் ஊர்த் தேனூர் மண்டபத்துக்குத் தேடி வந்து மோட்சம் கொடுத்தார். கருட வாகனத்தில் வருஷா வருஷம் வந்து கொடுக்கிறார். தவளைக்கு வருகிறவர் இந்தத் தங்கச்சிக்கு வரமாட்டாரா? வருவார். சத்தியமாக வருவார். எனக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை.

இதைச் சொன்னால் பகுத்தறிவுத் தோழர் ஒருவர், "சாமி வந்தா இ.எம்.ஐ. கட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு டீக்காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அந்தத் தங்கச்சி வீட்டுப் பக்கம் அவரும் எட்டிப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் பட்டுவேட்டிப் பெரியவர், "எல்லாம் பூர்வஜென்ம வினை, பொறுத்துக்கொள்" என்பார். அவருக்குப் பல்வலி வந்தால் மட்டும் பூர்வஜென்மம் ஞாபகம் வராது, ராத்திரியோடு ராத்திரியாக டாக்டரைத் தேடுவார். நோட்டீஸ்காரர் வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எட்டுத் திக்கும் கட்டுப் போடுகிறவர், தன் வாசலில் நாலு சிசிடிவி கேமரா மாட்டியிருக்கிறார்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்துவிட்டு அந்தக் குண்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

2017 அக்டோபர் 23. நெல்லை கலெக்டர் ஆபீஸ். கந்துவட்டிக் கொடுமை பொறுக்காமல் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் வெந்தார்கள். மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த குடும்பம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது! சட்டம் இருந்தது, ஆபீஸ் இருந்தது, போலீஸ் இருந்தது, ஊர் இருந்தது. கூடப் போய் நிற்க ஆள் இல்லை. அந்தப் பச்சைப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை பத்தவில்லை என்று எவனாவது இந்த மேடையில் ஏறிச் சொல்லட்டும் பார்ப்போம்! நாக்கு அழுகாதா?

சாமி கூலியாளாக வருகிற ஊரய்யா இது. அடுத்த வீட்டுக்காரிக்காக ஒருவன் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் படியேறினால், மண்கூடை அவன் தலையில் இருக்கிறது. அவன் வழியாகத்தான் சொக்கன் வருகிறான். அதற்கு ரேட் கார்டு கிடையாது. வந்தியிடம் கட்டணம் கேட்டது யார்?

தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குழுக்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. விடிகாலையில் வாசலில் நிற்கிற பைக் விதியை மீறித்தான் நிற்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் சட்டமன்றத்திலும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ராத்திரியில் மனசு ஒடிந்து, செத்துவிடலாம் என்று தோன்றினால் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுங்கள். அழுதுகொண்டே 104க்கோ 14416க்கோ போன் போடுங்கள். போன் போட்டதனால் மீனாட்சி உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். தங்கச்சி மனு கொடுக்கிறாள். நான் கூட வருகிறேன். காலை எட்டரைக்குத் தெப்பக்குளம் மாரியம்மன் கோயில் வாசல். கடன் அட்டை, ரசீது, போனில் மிரட்டிய பேச்சு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடன் இல்லாதவர்களும் வர வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள்.