இடுகாட்டில் நமக்கும் இடம் வேண்டும்

(பெங்களூரில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாவைப் பற்றிப் பேசவா கூட்டம் கூட்டினீர்கள் என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். ஆமாம், அதற்குத்தான் கூட்டினோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் உறுப்பினரான கொத்தனார் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். இங்கே எங்கே புதைப்பது, யாரைக் கேட்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம், சங்கத்துக்காரர்களான நமக்கும் தெரியவில்லை. இரவோடு இரவாக வண்டி பிடித்துத் திருவண்ணாமலைப் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த வாடகைக் கடனுக்கு அவர் மனைவி இன்னும் வட்டி கட்டுகிறார். 25 ஆண்டுகள் இந்த நகரத்துக்கு வீடு கட்டியவருக்கு இங்கே ஆறடி மண் இல்லையா?

இருக்கிறது. 1809இல் தண்டு அமைந்த காலந்தொட்டு நம்மவர்கள் இங்கே உழைத்து இங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பழைய மதராஸ் சாலைப் பக்கம் கல்பள்ளியில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடுகாடுகள் உள்ளன. கிறிஸ்தவராயின் சபையில் பெயர் இருக்க வேண்டும், போதகரின் கடிதம் வேண்டும். இசுலாமியராயின் ஜமாத்தைக் கேட்க வேண்டும். இடம் நெருக்கடியாகிவிட்டதால், பல இடங்களில் குடும்பத்தாரின் பழைய குழியையே திறந்து புதைக்கிறார்கள். ஆகவே பாட்டனைப் புதைத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. உடலை ஊருக்கே கொண்டுபோனாலும் இறப்பைப் பதிய வேண்டியது இறந்த இடத்தில்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த அம்மாள் ஊரில் அலைந்துவிட்டு, நாள் கடந்தபின் இங்கே வந்தார். வீட்டில் இறந்தால், பார்த்துவந்த மருத்துவரிடம் காரணச் சான்று வாங்குங்கள். விபத்தென்றால் முதலில் காவல் நிலையம். 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் தெரு எதில் சேர்ந்தது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

2021 ஏப்ரலில் கொரோனா வாட்டியபோது, சொந்த நிலத்தில் புதைத்துக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. தோட்டம் உள்ளவனுக்கு அது வழி. ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவன் எங்கே போவான்? மயானமில்லாத ஊர்களுக்கு நிலம் கொடுங்கள் என்று 2019இலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலத்தைக் கன்னடத் தோழர்களோடு சேர்ந்துதான் நாம் கேட்க வேண்டும். செத்தவனுக்கு மொழிச்சண்டை கிடையாது.

குழி வெட்டுகிறவர்களையும் மறக்கலாகாது. கல்பள்ளியில் தலைமுறைகளாக அவ்வேலை செய்வோரில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் உண்டு. 2022இல் அன்றைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை மயானத் தொழிலாளருக்கு 'சத்திய ஹரிச்சந்திர பளக' என்று பெயர் சூட்டினார். பெயர் நல்ல பெயர்தான். வேலை நிரந்தரமும் மாதச் சம்பளமும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். துக்க வீட்டில் அவர்களோடு கூலிக்குப் பேரம் பேசும் பழக்கத்தை நாமும் விட வேண்டும்.

மேசைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. புதைப்பதா எரிப்பதா, எங்கே, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று குடும்பத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மாதம் 20 ரூபாய் சாவு நிதிக்கு. முதல் தொகை அந்த அம்மாளின் கடனுக்குப் போகிறது. வருகிற ஞாயிறு காலை கல்பள்ளிக்குப் போய் நேரில் விசாரிக்கிறோம். வாசலில் கேட்ட பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.