பத்துப் பொருத்தத்துக்கு அப்புறம்
(நமது சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

தாம்பத்யத்தில் திருப்தி என்பது எதைப் பொறுத்தது, மனோதத்துவம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார் காரியதரிசி. குடும்ப ஆலோசகர் என்ற முறையில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தம்பதிகளின் பேச்சைக் கேட்டு வருகிறேன். படித்ததையும் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு வரன் வந்தால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? கோத்திரம், நட்சத்திரம், பத்துப் பொருத்தம், செவ்வாய் தோஷம். அப்புறம் படிப்பு, சம்பளம், உயரம், எந்த ஊரில் வேலை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோபம் வந்தால் இந்தப் பையன் என்ன செய்வான், மனசில் இருப்பதை இந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாளா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி புதிதில்லை. புத்திக்கூர்மைச் சோதனைகளுக்குப் பெயர்பெற்ற லூயிஸ் டெர்மன் 792 தம்பதிகளை ஆராய்ந்து, மண வாழ்வின் மகிழ்ச்சிக்கான மனோதத்துவக் காரணங்களைப் பற்றி 1938-லேயே புத்தகம் எழுதிவிட்டார். 1987-ல் கெல்லி, கான்லி என்ற இருவர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். நிச்சயமான 300 ஜோடிகளை 1935 முதல் 1980 வரை தொடர்ந்த ஆய்வு அது. சின்ன விஷயத்துக்கும் கலங்குவது, எரிந்து விழுவது, ஓயாமல் கவலைப்படுவது ஆகிய சுபாவங்கள் கணவன், மனைவி யாரிடம் இருந்தாலும் மணவாழ்க்கையைப் பாதித்தன என்று அதில் தெரிந்தது.

அப்படியானால் எல்லாம் பிறவிக் குணமா? இல்லை. 2020-ல் சமந்தா ஜோயல் தலைமையில் 43 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து, 11,196 ஜோடிகளைப் பற்றிக் கம்ப்யூட்டர் மூலம் அலசினார்கள். தனிமனிதரின் குணம், வயது, வருமானம் போன்றவற்றைவிட, அந்த உறவுக்குள் என்ன நடக்கிறது என்பதே திருப்தியை அதிகம் காட்டிக்கொடுத்தது. இவர் என்னைக் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கை, செய்வதை மதிக்கிறார் என்ற எண்ணம், தாம்பத்ய நெருக்கம், எவ்வளவு சண்டை என்பது. இவைதான் முன்னால் நின்றன. இவற்றில் ஒன்றாவது நம் பயோடேட்டாவில் இருக்கிறதா? இருக்கவும் முடியாது. இவை கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் கட்ட வேண்டியவை.

காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்ததா என்று நம் வீடுகளில் ஓயாத விவாதம். 1982-ல் ஜெய்ப்பூரில் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் 50 தம்பதிகளிடம் செய்த ஆய்வில், நாளாக ஆகப் பெரியவர்கள் பார்த்து வைத்த தம்பதிகளிடம் அன்பு கூடுதலாக இருந்தது. இதை மேடைதோறும் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் 2012-ல் அமெரிக்க வாழ் இந்தியர்கள் 58 பேரிடம் நடந்த ஆய்வில் அன்பிலும் திருப்தியிலும் வித்தியாசமே காணப்படவில்லை. ஆகவே யார் பார்த்து வைத்தது என்பதை விட்டுவிடுவோம்.

மதிப்பு என்றேன். ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு குழந்தை. வீட்டு வேலையில் உங்கள் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதச் சொன்னேன். அவர் 50 என்று எழுதினார், அவள் 80. கூட்டினால் 130! இருவரும் பொய் சொல்லவில்லை. தான் செய்வது கண்ணில் படுகிறது, மற்றவர் செய்வது படுவதில்லை. 1979-ல் ராஸ், சிக்கோலி என்பவர்கள் கனடாவில் தம்பதிகளிடம் கண்டதும் இதேதான். மாமியாருக்குத் தினமும் போன் பண்ணி, சிராத்த சாமான் வாங்கி வைப்பது தன் மனைவி என்று அவர் யோசித்ததில்லை. வீட்டுக் கடன், பள்ளிக்கூடப் பணம், தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டுவது எல்லாம் கணவர் என்று அவளும் நினைத்ததில்லை. பட்டியலை மாற்றிப் படித்தார்கள். சண்டை நின்றுவிடவில்லை, ஆனால் குரல் தணிந்தது.

சண்டை இல்லாத வீடு கிடையாது. ஜான் காட்மன் என்ற அமெரிக்க அறிஞர் தம்பதிகள் வாதாடுவதைப் படம் பிடித்தே ஆராய்ந்தவர். அவர் கணக்கில், தம்பதிகளின் பிரச்னைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைசிவரை தீராதவை. நிலைத்த தம்பதிகள் வாதாடும்போதுகூட, ஒரு கசப்பான சொல்லுக்கு ஐந்து இதமான சொல்லோ செய்கையோ இருந்ததாம். குற்றம் சாட்டுவது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தற்காப்பு, பேசாமல் சுவர் மாதிரி இருப்பது ஆகிய நான்கும் ஆபத்து என்கிறார். அதிலும் கொடியது இளக்காரம். நம் பாஷையில் அதற்குப் பெயர் "உங்காத்து மனுஷாளே இப்படித்தான்!" இந்த ஒரு வாக்கியத்தை விட்டாலே பாதி வீடுகளில் நிம்மதி வரும்.

மாமாக்களுக்கும் மாமிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பெண்ணுக்கு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணி "என்ன சொன்னார் மாப்பிள்ளை?" என்று விசாரிக்க வேண்டாம். பிள்ளையிடம் மாட்டுப்பெண்ணைப் பற்றிப் புகார் வாசிக்கவும் வேண்டாம். அவர்கள் ராத்திரி சண்டை போட்டுக் காலையில் காபியோடு மறந்துவிடுவார்கள். நாம் மறப்பதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கை நீட்டுவது, பயமுறுத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது இவையெல்லாம் மனஸ்தாபம் ஆகாது. அங்கே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது பாவம். இதற்கென்றே 2005-ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அப்படி ஒரு பெண் பிறந்தகம் வந்து நின்றால், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காமல் முதலில் கதவைத் திறவுங்கள்.

வரன் பார்ப்பவர்கள் ஜாதகம் பொருந்திய பிறகு, பெண்ணையும் பிள்ளையையும் இரண்டு மூன்று தடவையாவது நிதானமாகப் பேச விடுங்கள். பணம், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது, குழந்தை, வேலை இந்த நாலையும் அவர்களே பேசட்டும். பேசிய பிறகு ஒருவர் வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். சத்திரம் புக் பண்ணுவதற்கு முன்னால் வரும் "வேண்டாம்" எவ்வளவோ மேல்.