முத்துசாமி வேடத்துக்கு முத்துசாமி கிடைக்கவில்லையா?

(கேலாங் வட்டார மக்கள் கலந்துகொண்ட தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு சினிமாவைப் பற்றியது. வானத்தில் பறக்கும் வீரராகவும் முகமூடி போட்ட வீரராகவும் யார் நடிக்கலாம், எந்த நிறத்தவர் நடிக்கலாம் என்பது கேள்வி. "இது பிள்ளைகள் சமாச்சாரம், இதற்கு ஓர் அரங்கமா?" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கேலாங் மிகவும் பொருத்தமான இடம்.

1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங்கை நோக்கி வந்தது. வழியில் இனக் கலவரம் மூண்டது. அந்த ஜூலைக் கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் 1997 முதல் பள்ளிகளில் ஜூலை 21 இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று சீனப் பிள்ளை குர்தா அணிந்து வரும். தமிழ்ப் பிள்ளை பாஜு கூரோங் அணிந்து வரும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். யாருக்கும் மனம் புண்படுவதில்லை.

ஆனால் அந்த நாளில் எந்த ஆசிரியரும் பிள்ளைகளை முகத்தில் கறுப்பு மை பூசி வரச் சொல்வதில்லை. உடை மாற்றுவது வேறு, தோலை மாற்றுவது வேறு. பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற இந்த வேறுபாடு பெரியவர்களுக்குச் சில நேரம் புரியாமல் போய்விடுகிறது.

2019 ஜூலையில் உணவங்காடி நிலையங்களில் மின்னியல் முறையில் பணம் செலுத்துவதற்கு ஊக்கமளிக்க ஒரு விளம்பரம் வந்தது. நடிகர் டென்னிஸ் சியூ அதில் நான்கு வேடங்களில் தோன்றினார். ஒன்று, முக்காடு அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்று, முகம் கறுப்பாக்கப்பட்ட ஓர் இந்தியர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர் வேறு! எதிர்ப்பு கிளம்பியது. விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. தயாரித்தவர்களும் நடிகரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த விளம்பரத்தைக் கண்டித்து பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்ற உடன்பிறப்புகள் இருவரும் ஒரு பாட்டுக் காணொளி வெளியிட்டார்கள். அதில் சீனர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டியதாகப் புகார் எழுந்தது. காவல்துறை இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. புண்பட்டவர் பேசும்போதும் பக்கத்து வீட்டுக்காரரைப் புண்படுத்தாமல் பேச வேண்டும் என்பது இந்த நாட்டின் எதிர்பார்ப்பு. அது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் நடந்தது என்ன? எல்லாரும் அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றியே பேசினார்கள். முதலில் எழுந்த கேள்வி ஓரமாகப் போய்விட்டது.

அந்தக் கேள்வி மிக எளிமையானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 9 விழுக்காட்டினர் இந்தியர்கள். அவர்களுக்குள் முத்துசாமியாக நடிப்பதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லையா?

சரி, இந்தியரையே அழைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2017இல் 'ஆ பாய்ஸ் டு மென்' வரிசையின் நான்காவது படத்துக்கு நடிகர் தேர்வு நடந்தது. தேசிய சேவையைப் பற்றிய படம். தேர்வுக்குப் போன இளம் நடிகர் ஷ்ரே பார்கவா, இன்னும் முழுமையான இந்தியராக, சிரிப்பு வரும்படி பேசிக் காட்டச் சொன்னார்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சிங்கப்பூரில் வளர்ந்து இங்குள்ள பேச்சையே பேசுகிறவர், இல்லாத ஓர் உச்சரிப்பை வரவழைத்துச் சிரிக்க வைக்க வேண்டுமா? இதைப் பற்றி நாடே இரண்டுபட்டு விவாதித்தது. ஆள் இந்தியர், ஆனால் கேட்கப்பட்ட வேடமோ வேறு யாரோ மனத்தில் வைத்திருக்கும் இந்தியர். முகத்துக்கு மை பூசுவதுபோல் இது குரலுக்கு மை பூசுவது.

இனி சாகச வீரர்களுக்கு வருவோம். ராணி காமிக்ஸும் முத்து காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கலாம். முகமூடி வீரர் மாயாவியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காடு கறுப்பர்களுடையது, காட்டைக் காப்பவரோ வெள்ளையர். மந்திரவாதி மாண்ட்ரேக் 1934இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தோன்றினார். அவருக்குத் துணை லோதார், ஆப்பிரிக்க இளவரசர். இளவரசருக்குக் கிடைத்த வேலை அடியாள் வேலை, உடுத்தக் கிடைத்தது சிறுத்தைத் தோல். 1960களில்தான் அவருக்கு ஒழுங்கான உடையும் பேச்சும் கொடுத்தார்கள்.

1966இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் 'பிளாக் பேந்தர்' என்ற கறுப்பின வீரரை உருவாக்கினார்கள். அவர் தம் பெயரில் ஒரு முழுப்படத்தின் நாயகராக வருவதற்கு 2018 ஆகிவிட்டது. 52 ஆண்டுகள்! கறுப்பு நாயகரை உலகம் பார்க்காது என்று சொன்னவர்களுக்கு அந்தப் படம் கணக்கில் பதில் சொன்னது. உலகம் முழுவதும் 130 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூல். 2021இல் 'ஷாங்-சி' சீன வம்சாவளி நாயகரோடு வந்தது. 2022இல் 'மிஸ் மார்வெல்' தொடரில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்பிள்ளை சாகச நாயகியானாள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "நிக் ஃபியூரி பழைய படக்கதையில் வெள்ளையர்தானே? 2008 முதல் அந்த வேடத்தில் கறுப்பினத்தவரான சாமுவேல் ஜாக்சன் நடிக்கிறாரே? அது சரி என்றால், சீனர் முத்துசாமியாக நடித்தது மட்டும் எப்படித் தவறு? நடிப்பு என்றாலே மாறுவதுதானே?"

விடையை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாமுவேல் ஜாக்சன் முகத்தில் வெள்ளை பூசிக்கொள்ளவில்லை. தம் தோலோடு, தம் குரலோடு வந்து அந்த வேடத்தில் நின்றார். பாத்திரம் அவருக்கேற்ப மாறியது. இதுவரை உள்ளே வராத ஒருவர் உள்ளே வந்தார். கறுப்பு மை பூசிய முத்துசாமியிலோ நடந்தது நேர் எதிர். இந்தியரின் சாயல் உள்ளே வந்தது, இந்தியர் வெளியே நின்றார். நிறத்தை ஒட்டவைத்துக்கொண்டு அந்த நிறத்தவருக்கு உரிய வேலையையும் எடுத்துக்கொள்வது நடிப்புக் கலை ஆகாது. 2016இல் 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' படத்தில் திபெத்திய முதியவர் பாத்திரத்தை வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கொடுத்தபோதும் ஆசிய ரசிகர்கள் இதே காரணத்துக்காகத்தான் வருந்தினார்கள். ஆசியருக்கு இருந்த ஒரு கதவு சாத்தப்பட்டது.

அடுத்தவர் வீட்டைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. தமிழர் தம் வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டாமா?

2007இல் வந்த 'சிவாஜி' படம் சிங்கப்பூரிலும் பெரிய கொண்டாட்டத்தோடு ஓடியது. அதில் இரண்டு பெண்களுக்குக் கறுப்பு மை பூசி, அவர்களைக் கண்டு நாயகன் ஓடுவதாக நகைச்சுவை வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர்கள் என்ன? அங்கவை, சங்கவை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் மகள்களுக்குத் தமிழ் மரபு சொல்லும் பெயர்கள். தமிழரே தமிழச்சியின் நிறத்தைக் கேலி செய்ததைப் பார்த்து அரங்கம் கைகொட்டிச் சிரித்தது. 2015இல் வந்த 'ஐ' படத்தில் தமிழ்ப் பெண்ணாக நடிக்க பிரிட்டிஷ் நடிகை எமி ஜாக்சன் வந்தார். அதைக் கேட்டவர் மிகச் சிலர். சொந்தத் திரையில் மையைக் கண்டு சிரித்துவிட்டு, அடுத்தவர் திரையில் அதே மையைக் கண்டு கொதித்தால் அந்தக் கொதிப்புக்கு மதிப்பு இருக்குமா?

அப்படியென்றால் சிங்கப்பூர்த் திரைக்கு நல்ல முன்மாதிரியே இல்லையா? உண்டு. 1950இல் ஷா நிறுவனத்துக்காக 'பக்தி' என்ற மலாய்ப் படம் இங்கே எடுக்கப்பட்டது. முதலாளிகள் சீனர்கள். இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். அதுவரை துணை வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை அவர் முதன்முறையாகக் கதாநாயகனாக நிறுத்தினார். அந்த இளைஞர்தான் பி. ரம்லி! மலாய்த் திரையுலகின் தன்னிகரற்ற கலைஞர். கிருஷ்ணன் ரம்லியை வேறொருவராக மாற்றிக் காட்டவில்லை. ரம்லியாகவே முன்னால் நிறுத்தினார்.

கேலாங்கில் ஒரு மாலைப்பொழுது நடந்து பாருங்கள். கேலாங் சிராய் சந்தையில் மலாய்க் குடும்பங்கள், லோரோங்குகளில் சீனர் உணவுக்கடைகள், கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலில் விளக்கு, வேலை முடிந்து வரும் தமிழகத்து, பங்களாதேஷ் ஊழியர்கள். நாளை இந்தத் தெருவில் ஒரு சிங்கப்பூர்ச் சாகச வீரர் படம் எடுத்தால் யார் பறப்பார்? யார் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்? 1998இல் 'வி.ஆர். மேன்' தொடரில் ஜேம்ஸ் லை சாகச வீரராக நடித்தார். அடுத்த முறை ஒரு மலாய்க்காரரோ தமிழரோ பறக்கட்டுமே. அப்போது அவரைச் சிரிப்புக்காக அழைக்காமல், நாட்டைக் காப்பாற்ற அழைக்க வேண்டும்.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை மை பூசிய முகம் திரையில் வந்தால், அது எந்த மொழித் திரையாக இருந்தாலும், சிரிப்பை ஒரு கணம் நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எதற்குச் சிரிக்கலாம் என்பதை அது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.