செவிக்கும் திறக்கட்டும் வலைவாசல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழ் இலக்கிய வரலாறு இரட்டைப் புலவர் என்று இருவரைப் போற்றுகின்றது. முதுசூரியர், இளஞ்சூரியர் என்பன அவர்தம் பெயர்கள். ஒருவருக்குக் கண்ணொளி இல்லை. மற்றவருக்கு நடக்க இயலாது. பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்பர். வெண்பாவின் முன்னிரண்டடியை ஒருவர் பாட, பின்னிரண்டடியை மற்றவர் பாடி முடிப்பாராம். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தந்த செல்வங்கள். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரோ, தம் முதுகில் எழுதச் செய்து எழுத்தறிந்தார் என்பது செவிவழிச் செய்தி. திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் அவர் பாடியவை.

இப்புலவர்கள் இன்று வாழ்ந்து, இக்காலக் கவிஞர்களின் படைப்புகளை இணையத்தில் தேடினால், அவர்களுக்கு எத்தனை கவிதைகள் எட்டும்? இவ்வினாவே இவ்வுரையின் பொருளாகும்.

திரையைப் படிக்கும் குரல்

பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால். திரையில் உள்ள எழுத்துகளை அது குரலாக்கித் தருகின்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் படிக்கின்றது. கைப்பேசிகளிலும் இத்தகைய வசதி உண்டு. தமிழ் இலக்கியம் பயின்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியப் பணியாற்றும் பார்வையற்றோர் பலர் இக்குரலின் வழியே படிக்கின்றனர்.

திரைவாசிப்பான் மனிதர் பார்ப்பதுபோல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னே எழுத்து எழுத்தாகவே பதிந்திருந்தால் அதனைப் படிக்கும். எழுத்து படமாகிவிட்டால் அதன் இயல்பான வாசிப்பு அங்கே நின்றுவிடும்.

இன்று கவிதைகள் பல எவ்வாறு வெளிவருகின்றன? அந்திவானப் படம் ஒன்றன்மேல் அழகிய எழுத்துருவில் பத்து வரிகள் பொறிக்கப்படுகின்றன; முழுவதும் ஒரே படமாக இணையத்தில் ஏற்றப்படுகின்றது. கண்ணுடையார்க்கு அது கவிதை. திரைவாசிப்பானைக் கேட்டிருப்பவர்க்கோ 'படம்' என்ற ஒற்றைச் சொல்லே எஞ்சுகின்றது. சில நேரங்களில் அப்படத்தின் கோப்பு எண் மட்டும் ஒலிக்கும். படத்திலுள்ள எழுத்தை உய்த்துணரும் கருவிகள் இப்பொழுது வந்துள்ளன. ஆயினும் அலங்கார எழுத்திலும் மங்கிய அச்சிலும் அவை தடுமாறுகின்றன. ஒற்றொன்று பிறழ்ந்தாலும் பொருள் பிறழும் மொழியில் அத்தடுமாற்றம் சிறிதன்று.

மின்னூலகங்களில் உள்ள பழைய நூல்கள் பலவும் பக்கப் படங்களாகவே இருக்கின்றன. இதற்கு மாறாக, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நூல்களை எழுத்தாகவே உள்ளிட்டு வழங்கிவருகின்றது. இவ்வுழைப்பால் கண்ணால் படிப்போரும் செவியால் படிப்போரும் ஒருங்கே பயன்பெறுகின்றனர்.

அம்மா அம்மாவாக ஒலிக்க

படமாக்காமல் தட்டச்சிட்டாலும் மற்றொரு தடை உண்டு. கணினியில் தமிழ் காலூன்றிய காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துருக்கள் பெருகின. பாமினி அவற்றுள் ஒன்று. அதில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால் கண்ணுக்கு அம்மா என்றே தோன்றும். கணினியின் நினைவிலோ 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கிலக் குறிகளே பதிந்திருக்கும். திரைவாசிப்பானும் அவற்றையே ஒலிக்கும். தாயின் பெயர் பொருளற்ற ஓசையாகிவிடும்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கென உரிய இடம் உண்டு. 1991ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தொகுப்புகள் இன்னும் பல கணினிகளில் உறங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் எளிதிற் கிடைக்கின்றன.

வரியும் இடைவெளியும்

இங்கே கவிஞர்க்கு ஓர் ஐயம் எழலாம். புதுக்கவிதையில் வரியமைப்பும் வெற்றிடமும் பொருள் தருவன. 'விழுந்தான்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து மேலிருந்து கீழாக அடுக்கினால் வீழ்ச்சியே கண்முன் நிற்கும். திரைவாசிப்பானோ அதனைத் தனித்தனி எழுத்துகளாக ஒலிக்கும், சொல் சிதறிப்போகும். அவ்வுத்தியைக் கவிஞர் கைவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. அக்கவிதையின் கீழே, 'இச்சொல்லின் எழுத்துகள் படிக்கட்டுபோல் இறங்குகின்றன' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்பவர் மனத்தில் அப்படிக்கட்டு எழும். தமக்குப் புலனாகாத காட்சியைச் சொல்லால் பெறுவது இலக்கிய வாசகர் எவர்க்கும் பழக்கமானதே.

பிறர்க்கும் உரியது

இணையத்தில் தடைகளைச் சந்திப்போர் பார்வையற்றோர் மட்டும் அல்லர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம். செவிக்குறை உடையோரும் ஏறத்தாழ அத்துணையரே. உடல் இயக்கக் குறையுடையோர் இன்னும் மிகுதி. கவியரங்கக் காணொளியில் எழுத்துரை இல்லையேல் செவிப்புலன் அற்றவர்க்கு அது ஊமைக்கூத்து. கைநடுக்கம் உடையோர்க்குச் சுட்டியை நகர்த்துதல் அரிது. விசைப்பலகையால் மட்டுமே இயங்கும் வசதி வேண்டும். சாம்பல்நிறப் பின்னணியில் வெளிறிய எழுத்து அமைந்தால் முதுமையில் கண்மங்கியோர் படிக்கவியலாது.

உலகளாவிய வலையின் நெறிகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 1999ஆம் ஆண்டிலேயே இவற்றுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2008ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, வலைப்பக்கம் புலன்களுக்கு எட்டுவதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, பல கருவிகளிலும் நிலைத்து இயங்குவதாக அமையவேண்டும் என்கின்றது. இயல்பான அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற அளவில் இருத்தல் வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று.

இரு நாற்பத்திரண்டுகள்

2016ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தகவலும் மின்னணு ஊடகமும் அவர்களுக்கு எட்டும் வடிவில் அமைய அரசு ஆவன செய்யவேண்டும் என்று கூறுவது அச்சட்டத்தின் 42ஆம் பிரிவு. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், மின்னணு வசதிகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்சநீதிமன்றம் உரைத்தது.

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் எது என்பதைத் தமிழறிந்த இவ்வவைக்குச் சொல்லவேண்டுவதில்லை. அது 'கேள்வி'. இவ்வெண் ஒற்றுமை தற்செயலே. ஆயினும் செவிவழிக் கல்வியைச் செல்வமாகக் கொண்ட மரபு தமிழ் மரபு. ஏடு எட்டாதவர்க்கும் பாட்டு எட்டியது அம்மரபினால்தான். திரைவாசிப்பானின் குரலில் கவிதை கேட்பவர் புதிதாக வந்த விருந்தாளி அல்லர். தமிழ்க் கவிதையின் மிகப் பழைய வாசகர் அவர். சட்டம் அரசை நோக்கிப் பேசும். ஆயின், தம் கவிதையைப் படமாக்குவதா எழுத்தாக விடுவதா என்று முடிவு செய்பவர் கவிஞரே.

செய்யத்தக்கன

கவிதையைப் படமாக வெளியிட்டால் அதனருகே எழுத்தாகவும் வெளியிடுக. ஒளிப்படங்களுக்கு ஒரு வரி விளக்கம் எழுதுக. 'படம்' என்பது விளக்கமாகாது. தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு நில்லாது, தலைப்பு என்றே கணினிக்குக் குறித்துவைக்குக. கேட்பவர் தலைப்புவிட்டுத் தலைப்புத் தாவிச் செல்ல அது வழியாகும். கவியரங்கக் காணொளிக்கு எழுத்துரை சேர்க்குக. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கவிதைக்குச் சில மணித்துளிகள் போதும்.

பத்தாண்டு நிறைவை ஒட்டி இவ்வட்டத்தின் மலர் வெளிவருகின்றது. அச்சேறிய மலர் கண்ணுடையார் கைகளுக்குச் செல்லும். அதே மலர் ஒருங்குறியில் எழுத்தாகவே இணையத்திலும் ஏறட்டும். ஏற்றுமுன் பார்வையற்ற வாசகர் ஒருவரை அழைத்து, அவருடைய கருவியில் அதனைக் கேட்டு, தட்டுப்படும் இடங்களைத் திருத்துக. ஒரு தோளில் ஒருவர் அமர இருவர் சேர்ந்து ஒரு வெண்பாவை முடித்த மரபில், ஒருவர் எழுத ஒருவர் கேட்டுத் திருத்தி உருவாகும் மலராக அது அமையட்டும்.