பல்லைப் பிடித்துப் பாருங்கள்



தும்பிக்கை கிடையாது. தந்தம் கிடையாது. எடை சுமார் ஐந்து கிலோ. இப்படி ஒரு பிராணியை இந்த மேடையில் கொண்டுவந்து விட்டால், யானை என்று யாராவது சொல்வீர்களா? சிரிக்கிறீர்கள். ஆனால், யானை வம்சத்தில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய உருப்படி அதுதான்! பெயர் எரிதேரியம். வயது சுமார் 6 கோடி ஆண்டு.

கிடைத்த இடம் மொராக்கோ. அங்கே உரத்துக்காகப் பாஸ்பேட் பாறையை வெட்டுகிறார்கள். அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடி. தோண்டத் தோண்டச் சுறாப் பல்லாக வரும். அதற்கு நடுவே, தரையில் வாழ்ந்த ஒரு சிற்றுயிரின் எலும்பும் பல்லும். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இமானுவேல் கீர்பிரான் 2009-இல் அதை யானை வம்சம் என்று அறிவித்தார்.

எதை வைத்து? சந்தையில் மாடு பிடிப்பவர் செய்வதைத்தான் அவரும் செய்தார். பல்லைப் பார்த்தார். முன்பல் பெருக்கத் தொடங்கியிருந்தது. தந்தத்தைக் கோரைப்பல் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை, அது நீண்டு வளர்ந்த முன்பல். கடைவாய்ப் பல்லிலோ குறுக்குமேடு இலேசாக அரும்பியிருந்தது.

அந்த மேடு சாதாரணமல்ல ஐயா! இன்றைய யானையின் கடைவாய்ப் பல் முழுக்க அதே குறுக்கு வரிகள். புல்லையும் மரப்பட்டையையும் அரைத்து அரைத்துத் தேயும். தேய்ந்தது முன்னால் உதிர, புதியது பின்னாலிருந்து நகர்ந்து வரும். ஆயுளுக்கு ஆறு முறைதான். ஆறாவதும் தேய்ந்துவிட்டால், காடு நிறையத் தீனி இருந்தாலும் யானைக்குப் பட்டினி.

பல் மிஞ்சும்; தும்பிக்கையோ சதை, மட்கிவிடும். மண்டையோட்டில் மூக்குத்துளை எவ்வளவு மேலேறியிருக்கிறது என்று பார்த்துத் தும்பிக்கை இருந்ததா என ஊகிக்கிறார்கள். ஆகவே, புத்தகப் படங்களில் பழைய யானைகளுக்கு ஓவியர் மாட்டிவிடும் தும்பிக்கையை முழுசாக நம்பிவிடாதீர்கள்.

எகிப்தின் ஃபாயூமில் கிடைத்த மோரிதேரியமும் இந்த வம்சம்தான். அது பெரும்பொழுதை நீரிலேயே கழித்ததாக அதன் பல் எனாமலை ஆராய்ந்தவர்கள் 2008-இல் சொன்னார்கள். வியப்பில்லை. யானைக்கு நெருங்கிய சொந்தம் காண்டாமிருகமல்ல, நீர்யானையுமல்ல, கடற்பசு! நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதேதான். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு அதற்குக் காப்பகமாக்கியது. வளர்ந்த ஆண் ஆவுளியாவுக்குத் தந்தம் உண்டு. அதுவும் முன்பல்தான்.