வட்டி எங்கிருந்து வருகிறது?

மோசடிச் சேமிப்புத் திட்டங்களில் ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 2013-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் சாரதா குழுமம் சரிந்தபோது, பணம் இழந்தோரில் மிகப் பலர் சிறு வருவாயினர். அவர்கள் நம்பியது நிறுவனத்தை அன்று. வாசல் தேடி வந்து பணம் பெற்றுச் சென்ற, தெரிந்த முகவரை. அம்முகவர்களில் பலர் தம் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தனர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வாபத்து இன்னும் அருகில் உள்ளது. அயலூரில் ஒருவர் தமிழ் பேசினாலே மனம் இளகுகிறது. அவரிடம் ரசீது கேட்கவும் கூசுகிறோம். சீட்டு என்ற சொல்லும் நமக்குப் பழகியது.

நேர்மையான ஏலச்சீட்டில் ஆதாயத்தின் ஊற்று கண்ணுக்குத் தெரியும். 20 பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 20,000 சேரும். பணமுடை உள்ள ஒருவர் அதை 17,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார். மிஞ்சும் 3,000 ரூபாய், நடத்துபவரின் கழிவு போக, உறுப்பினர்களுக்குப் பங்காகிறது. மோசடித் திட்டத்திலோ, பின்னால் வந்தவரின் முதலே முன்னால் வந்தவரின் வட்டி. முதற்சில மாதங்கள் வட்டி தவறாது வருவதுதான் தூண்டில். அதைப் பெற்றவர் மனமார நம்பித் தம் உறவினரையும் அழைத்து வருகிறார். புதியவர் வரவு குறைந்த அன்று எல்லாம் சரிகிறது.

ஆகவே, சீட்டாயின், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேட்போம். வைப்புத் தொகையாயின், வட்டி எத்தொழிலின் இலாபத்திலிருந்து வருகிறது என்று கேட்போம். கேட்பது நட்புக்கு இழுக்கன்று. விடை கூறத் தயங்குபவர் நம் ஊரினரேயாயினும், அவரிடம் நம் உழைப்பின் பயனை ஒப்படைக்க வேண்டாம்.