பதிவேட்டையும் விசாரிப்போம்



பொரளையில் குற்றவியல் கருத்தரங்கு வைப்பதில் ஒரு வசதி உண்டு. ஆய்வுப் பொருளைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1841 இல் எழுந்த வெலிக்கடைச் சிறைச்சாலையும் கனத்தை மயானமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் வருகிறேன்.

என் பார்வைக்கு வரும் ஆய்வு முன்மொழிவுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. பாரதூரமான குற்றங்கள் பற்றிய பொலிஸ் புள்ளிவிபரம், நூறு கைதிகளுக்கு ஒரு வினாக்கொத்து, கணினியில் ஓர் அட்டவணை, கடைசியில் ‘வறுமையே காரணம்’. கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், அதிகமில்லை. குற்றவாளி ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்க ஓடுகிறோம். அவனைக் குற்றவாளி என்று சொல்லும் தாளை யார் எழுதினார், எங்கே வைத்து எழுதினார், என்ன மொழியில் எழுதினார் என்று கேட்பதில்லை. முதுமாணிப் படிப்பு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

சிங்கராசா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதானவர். இராணுவ முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. 1995 இல் மேல் நீதிமன்றம் விதித்தது 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. சான்று ஒன்றே ஒன்று: அவருடைய குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அவர் பேசியது தமிழ். பொலிஸ்காரர் ஒருவரே மொழிபெயர்த்தார். தட்டச்சானது சிங்களம். அதன் கீழே பெருவிரல் அடையாளம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்ததை ஏற்கச் சொன்னது. அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பையும் எதிரியின் தலையிலேயே கட்டியது. 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை ஆகாது என்றது. 2006 இல் நம் உயர் நீதிமன்றம் அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. இப்போது சொல்லுங்கள்: ‘தீவிரவாதத்துக்குத் தூண்டிய காரணிகள்’ என்று ஆய்வு செய்யும் மாணவி அந்த வாக்குமூலத்தைத் தரவாக எடுக்கலாமா? எடுக்கலாம். வாக்குமூலம் வாங்கும் முறை பற்றிய தரவாக.

கொலைக்கு இந்தச் சிக்கல் இல்லை, பிணம் இருக்கும், கணக்குத் தப்பாது என்பது நம் துறையின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நல்ல வேலையும் நடந்திருக்கிறது. பண்டாரநாயக்க அரசு மரண தண்டனையை நிறுத்தி வைத்தபோது, குற்றவியலாளர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழு அமைத்தது. தூக்கு நின்றதால் கொலை பெருகியதா என்று அந்தக் குழு கணக்குப் பார்த்தது. பெருகியதற்குச் சான்றில்லை, நிறுத்தம் தொடரட்டும் என்று 1959 இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரதமர் சுடப்பட்டு இறந்தார். ஆண்டு முடியுமுன் தூக்கு திரும்பி வந்துவிட்டது. சுட்ட சோமராம தேரர் 1962 இல் தூக்கிலிடப்பட்டதும் இதே வெலிக்கடையில்தான். ஆய்வு தோற்கவில்லை, அதைப் படிக்க அன்று யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்கும் 1983 இல் சோதனை வந்தது. யூலை 24 அன்று கனத்தையில் தொடங்கிய கலவரம் மறுநாளே சிறை மதிலைத் தாண்டியது. 25 ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தமிழ் ஆயுத இயக்கத் தலைவர்களான குட்டிமணியும் தங்கத்துரையும் அன்று போனார்கள். எஞ்சியவர்களை இளம் குற்றவாளிகள் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 27 ஆம் திகதி அங்கேயும் 18 பேர். ஆக 53. பிணங்கள் இருந்தன, நீதவானின் மரண விசாரணை நடந்தது, மனிதக் கொலை என்று தீர்ப்பும் ஆனது. கொலைகாரர் என்று ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கொலையாளிகளின் மனப்பாங்கை ஆராயத் தண்டனைக் கைதிகளின் பட்டியலிலிருந்து மாதிரி எடுக்கும் மாணவருக்கு இந்த 53 கொலைகளைச் செய்த ஒருவரும் கிடைக்கமாட்டார். சிறைக்குள் நடந்த கொலை சிறைப் பட்டியலில் இல்லை.

2012 நவம்பரில் அதே வெலிக்கடையில் 27 கைதிகள் மாண்டார்கள். அதில் எட்டுப் பேரின் சாவுக்காக, சிறைச்சாலை ஆணையாளராக இருந்தவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2022 ஜனவரியில் மரண தண்டனை விதித்தது. 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத நாட்டில்! எட்டுக்கு மட்டும் எப்படி வழக்கு நின்றது, மற்ற 19 க்கு ஏன் நிற்கவில்லை? ஒரு கலாநிதி ஆய்வுக்கு இது போதும். தலைப்பை இலவசமாகத் தருகிறேன்.

சென்னையிலும் திருநெல்வேலியிலும் குற்றவியல் துறைகள் உண்டு. ஶ்ரீ ஜயவர்தனபுரவிலும் படிக்கலாம். எங்கே படித்தாலும் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் முன்பகுதியில் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். பயன்படுத்திய ஆவணம் ஒவ்வொன்றும் யார் கையால், எந்த அறையில், எந்த மொழியில் உண்டானது, பேசியவருக்கு அது வாசித்துக் காட்டப்பட்டதா என்று எழுதுங்கள். மேற்பார்வையாளர் ‘இது முறையியலுக்குள் வராது’ என்று முகம் சுளிக்கலாம். சண்டை பிடியுங்கள்.

முதல் அமர்வு விளக்கமறியல் கைதிகள் பற்றியது. கட்டுரை வாசிக்கப்போகிற மூவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று இப்போதே தெரிந்திருக்கும். பதிலோடு மேடைக்கு வாருங்கள்.